யார் போட்ட முதல்?

இந்தியக் கிராமங்களில் உழவர்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பதை ஆராய 1951இல் ரிசர்வ் வங்கி ஒரு குழுவை அமைத்தது. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான அந்தக் குழு 1954இல் அறிக்கை தந்தது. உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவீதம்தான், ஏறத்தாழ 70 சதவீதத்தை வட்டிக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். கூட்டுறவுச் சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. கூட்டுறவு தோற்றுப்போனது உண்மைதான், ஆனாலும் கிராமத்துக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை என்று குழு முடிவுக்கு வந்தது. அரசே சங்கங்களில் பங்கு வாங்கிக் கூட்டாளியாகச் சேர வேண்டும் என்பது அது எழுதிக்கொடுத்த மருந்து. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரிசர்வ் வங்கியில் அதற்கென ஒரு நிதி உருவானது. மாநில அரசுகள் அதிலிருந்து கடன் பெற்றுச் சங்கங்களில் பங்கு முதல் போட்டன. எடுத்தவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாத முடிவு அது. ஆயினும் தமிழ்நாட்டில் கூட்டுறவு என்றாலே மக்கள் அதை ஓர் அரசு அலுவலகமாகப் பார்ப்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கூட்டுறவுகள், அறக்கட்டளைகள், சுயஉதவிக் குழுக்கள், லாபத்தைக் குறியாக வைக்காமல் தொழில் நடத்தும் சமூக நிறுவனங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாம் துறை என்று அழைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அரசு ஒரு பக்கம், சந்தை மறுபக்கம், நடுவில் இந்தத் துறை என்று விளக்குகிறார்கள். எந்த நிறுவனம் எங்கே நிற்கிறது என்பதை அதன் நோக்கத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது இந்த விளக்கத்துக்குள் இருக்கும் எண்ணம். நோக்கத்தை வைத்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழைகளுக்கு உதவுவதே நோக்கம் என்று அரசும் சொல்கிறது, பங்குச் சந்தைக்குப் போகும் கடன் நிறுவனமும் சொல்கிறது. இருவருமே அதை மனதாரச் சொல்லக்கூடும். ஆகவே நான் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். இந்த நிறுவனத்தில் முதல் போட்டவர் யார்? போட்டதற்குப் பதிலாக அவர் கைக்கு என்ன அதிகாரம் வந்தது? நம் நாட்டு மூன்றாம் துறை தன் இயல்பை இழந்த பெரிய தருணங்கள் இரண்டு. ஒன்றில் அதை அரசு விழுங்கியது, மற்றொன்றில் சந்தை விழுங்கியது. இரண்டும் உள்ளே நுழைந்த வாசல் ஒன்றே: பங்கு முதல்.

தொடக்கத்தில் இந்த விஷயம் நன்றாகவே புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரெடெரிக் நிக்கல்சனை, ஐரோப்பாவின் நில வங்கிகளையும் கடன் சங்கங்களையும் ஆராயும்படி சென்னை அரசாங்கம் பணித்தது. 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கையின் சாரம், நமக்கு வேண்டியவர் ஒரு ரைபைசன் என்பது. ரைபைசன் ஜெர்மனியில் ஒரு சிற்றூர்க் கூட்டத்தின் நிர்வாகியாக இருந்தவர். அவர் அமைத்த கடன் சங்கங்களில் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஊரார் எல்லோரும் தங்கள் சொத்தை ஈடாக வைத்துப் பொறுப்பேற்றார்கள். ஆண்டு முடிவில் மிஞ்சிய பணம் யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாத காப்பு நிதியில் சேர்ந்தது. சங்கமே கலைந்தாலும் அந்த நிதியை உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. ஒருவரை ஒருவர் அறிந்தவர்களின் கண்காணிப்பும், எவராலும் எடுத்துக்கொண்டு போக முடியாத உபரியும்தான் அந்தச் சங்கங்களை நிறுத்திவைத்தன. நிக்கல்சன் ஐரோப்பாவை மட்டும் பார்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நிதிகளையும் ஆராய்ந்தார். மயிலாப்பூர் நிதி 1872இலேயே தொடங்கியிருந்தது. மாதாமாதம் சேமித்து, உறுப்பினர்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்ட அமைப்புகள் அவை. 1904இல் சட்டம் வந்ததும் அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதில் வியப்பில்லை. பழக்கம் முன்பே இருந்தது, சட்டம் பிறகு வந்தது.

1954க்குப் பிறகு அரசு பங்குதாரரானது. பங்குதாரருக்கு இயக்குநர் குழுவில் இடம் வேண்டும், ஆகவே நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். பொதுப்பணம் போட்டிருப்பதால் கண்காணிக்க வேண்டும், ஆகவே கூட்டுறவுப் பதிவாளரின் அதிகாரம் பெருகியது. குழுவைக் கலைக்கலாம், தேர்தலைத் தள்ளிப்போடலாம், தனி அலுவலரை அமர்த்தலாம். தமிழ்நாட்டில் பல சங்கங்கள் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்களின் கீழ் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. தேர்தல் நடந்தபோது ஆளுங்கட்சிக்காரர்களே பெருமளவில் பதவிக்கு வந்தார்கள் என்ற புகார் எந்த ஆட்சியிலும் ஓயவில்லை. இவற்றையெல்லாம்விட ஆழமான விளைவு உறுப்பினரின் மனத்தில் நேர்ந்தது. சங்கத்தின் பணம் அயல்வீட்டுக்காரர் சேமித்த பணம் என்றிருந்தபோது கடனைத் திருப்பிக் கட்டாதவர் தெருவில் நடக்கக் கூச்சப்பட்டார். அது அரசுப் பணம் என்றானதும் கட்டாமல் காத்திருப்பது சாமர்த்தியமாகிவிட்டது. 2006இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனில் 7,000 கோடி ரூபாய் அளவுக்குத் தள்ளுபடி செய்தது. 2016இல் சிறு, குறு உழவர்களுக்கு 5,780 கோடி, 2021இல் 12,110 கோடி. ஒவ்வொரு முறையும் காலத்தில் கடனைக் கட்டி முடித்த உழவர்தான் ஏமாந்தவர் ஆனார்.

உழவருக்கு நிவாரணம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வறட்சியில் கருகிய பயிருக்கு வாங்கிய கடனைக் கட்டச் சொல்வது கொடுமை. ஆனால் அந்த நிவாரணம் அரசின் கையிலிருந்து உழவரின் கைக்கு நேராகப் போயிருக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் வழியாகக் கொடுத்ததால், நிலப்பத்திரம் இல்லாமல் வட்டிக்காரரிடம் வாங்கிய குத்தகை உழவருக்கு ஒரு காசும் போகவில்லை. சங்கத்துக்கோ, அரசிடமிருந்து ஈட்டுத்தொகை எப்போது வரும் என்று பார்த்திருக்கும் நிலைமை மிஞ்சியது. ஓர் அமைப்பைப் பயன்படுத்தி வேறொரு வேலையைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதை நம்முடையது என்று சொல்லித் தடுக்கக்கூடிய உடைமையாளர் எவரும் அங்கே இல்லாமல் போனதுதான்.

சந்தை நுழைந்த கதை இன்னும் அண்மையில் நடந்தது. ஆந்திரத்தில் 1997இல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். நுண்கடன் அமைப்பு, பெண்கள் குழுக்களுக்குச் சிறு கடன் கொடுத்து வளர்ந்தது. வேகமாக வளரப் பெரிய முதல் வேண்டும் என்ற காரணத்தால் லாப நோக்குள்ள நிதி நிறுவனமாக மாறியது. முதலீட்டு நிறுவனங்கள் பங்கு வாங்கின. 2010இல் பங்குச் சந்தையில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. பங்குதாரர் எதிர்பார்ப்பது காலாண்டுக்குக் காலாண்டு வளர்ச்சி. நுண்கடனில் வளர்ச்சி என்றால் மேலும் மேலும் கடன்; ஏற்கெனவே மூன்று இடங்களில் கடன்பட்ட பெண்ணுக்கு நான்காவது கடன். அந்தத் துறை முழுவதும் அதே ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள் என்று வந்து, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அதன்பின் வசூல் அடியோடு நின்றது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு வட்டிக்கு 24 சதவீதம் உச்சவரம்பு பரிந்துரைத்தது. இது ஆந்திரத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து இல்லை. மெக்சிகோவில் தொண்டு நிறுவனமாகப் பிறந்த கொம்பார்த்தாமோஸ், ஏழைப் பெண்களிடம் ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் வட்டி வாங்கிச் சேர்த்த லாபத்தோடு 2007இல் பங்குச் சந்தைக்குப் போனது. அந்தப் பங்கு வெளியீட்டில் புதிய முதலாக ஒரு காசுகூட நிறுவனத்துக்கு வரவில்லை, பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ச்சிக்கு முதல் வேண்டும் என்ற நியாயம்கூட அங்கே பொருந்தவில்லை.

இரண்டு கதைகளிலும் கெட்டவர்களைத் தேட வேண்டியதில்லை. பதிவாளர் தன் கடமையைச் செய்தார், முதலீட்டாளர் தன் இயல்பின்படி நடந்தார். பங்கு என்பது உரிமை. உரிமை ஒருவரிடம் போனால் நிறுவனம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும்.

இதற்கு மாறாக நடந்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது கன்னியாகுமரி முதல் கொல்லம் வரை கடலோரத்தில் வளர்ந்த மீனவர் சங்கங்களை. அங்கே மீனவரின் சிக்கல் மீன் கிடைக்காதது அல்ல. கட்டுமரமோ வலையோ வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அதற்கு வட்டி என்று தனியாக எதுவும் இருக்காது. பிடித்த மீனை அந்த வியாபாரிக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வட்டி. கரையில் முதல் விற்பனை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் மீனவரின் வாழ்க்கை. சங்கங்கள் பிடித்துக்கொண்டது அந்த இடத்தை. கடலுக்குப் போகும் மீனவர் மட்டுமே உறுப்பினராகலாம். பிடித்த மீனைச் சங்கத்தின் வழியாகத்தான் ஏலத்துக்கு விட வேண்டும். ஏலத் தொகையில் ஒரு பகுதியைச் சங்கம் பிடித்துக்கொள்ளும். அதில் கடன் தவணையும் சேமிப்பும் சங்கச் செலவும் அடங்கும். மீன் நிறையக் கிடைத்த நாளில் தவணை கூடுதலாகப் போகும், வெறுங்கையோடு திரும்பிய நாளில் தவணை இல்லை. கடலின் போக்குக்கு இவ்வளவு பொருந்திய கடன் முறையை எந்த வங்கி மேசையிலும் வரைந்திருக்க முடியாது. இச்சங்கங்களின் கூட்டமைப்பான சிப்ஸ் 1980இல் உருவாகி, பிறகு ஒட்டுப்பலகைப் படகு கட்டுவதிலும் வெளியிணைப்பு எந்திரங்களைப் பழுதுபார்ப்பதிலும் இறங்கியது. வெளியிலிருந்து உதவித்தொகை வராமல் இல்லை. ஆனால் கடற்கரையில் ஏலம் விடும் உரிமை எந்தக் கொடையாளியிடமும் எந்த அதிகாரியிடமும் போகவில்லை. இதே நிக்கல்சன்தான் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டவர் என்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறொரு வழியைக் காட்டுகிறது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இன்று ஆண்டுக்கு லட்சக்கணக்கான அறுவைச் சிகிச்சைகள் அங்கே நடக்கின்றன; அவற்றில் ஏறக்குறைய பாதி இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். கட்டணம் கட்டுகிறவர்களின் பணமே கட்டாதவர்களின் சிகிச்சைக்கும் போதுகிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் பாடம் இருக்கிறது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகள் அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்தபோது, அதை மதுரையிலேயே செய்ய 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லைகள் போகின்றன. சந்தையில் இவ்வளவு திறமையாகப் போட்டியிட்ட ஒரு தொழிலுக்குப் பங்குதாரர் கிடைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அறக்கட்டளை என்பதால் மிஞ்சிய பணம் எவருடைய பைக்கும் போகாமல் அடுத்த கட்டடமாகவும் அடுத்த ஊரின் மருத்துவமனையாகவும் ஆனது. இலவசப் பிரிவா கட்டணப் பிரிவா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார், வருமானச் சான்று கேட்பதில்லை. லாபப் பங்கு கேட்கிறவர் ஒருவர் இருந்திருந்தால் முதலில் மாறியிருக்கக்கூடிய விதி இதுதான்.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானவை மூன்று. முதலாவது, ஏழைகளிடம் முதல் ஏது? வெளிப்பணம் வேண்டாம் என்றால் இந்த அமைப்புகள் சிறு சங்கங்களாகவே நின்றுவிடாதா? வெளிப்பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது உடைமையாக வரக்கூடாது என்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாலில் பார்க்கலாம். 1946இல் ஆனந்தில், போல்சன் நிறுவனத்தின் கொள்முதல் ஏகபோகத்தை எதிர்த்து, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பிறந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது ஐரோப்பா கொடுத்த பால்பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் நகரங்களில் விற்றுக் கிடைத்த பணம்தான் முதலாக நாடெங்கும் போனது. அவ்வளவு பெரிய வெளிப்பணம் குஜராத்தில் கிராமச் சங்கங்களின் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. அங்கே அரசியல்வாதிகள் சங்கங்களில் நுழையாமல் இல்லை, ஆனாலும் உற்பத்தியாளரின் வாக்கைப் பெற்றுத்தான் நுழைய வேண்டியிருக்கிறது. அதே திட்டத்தின் பணம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆவினுக்கு இன்றும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரிதான் மேலாண்மை இயக்குநர், பால் விலையை அறிவிப்பது அரசுதான். பணத்தின் அளவு இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை, அதோடு வந்த அதிகாரம் உண்டாக்கியது.

இரண்டாவது மறுப்பு எனக்கே உறுத்துவது. அரவிந்தில் நோயாளிக்கு வாக்கு உண்டா? இல்லை. நிறுவியவரின் குடும்பத்தாரும் அவர்கள் வளர்த்த மருத்துவர்களும் கட்டிக்காத்த ஒழுங்கு அது. அறக்கட்டளைச் சட்டம் பணம் வெளியே கசியாமல் தடுக்கும். பயனாளியின் குரலை உள்ளே கொண்டுவராது. அதே பெயர்ப்பலகையோடு கல்வி வணிகம் நடத்தும் அறக்கட்டளைகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, பங்குதாரர் இல்லாமை போதுமான காப்பு ஆகாது, அது இல்லாமல் மற்ற காப்புகள் நிற்காது என்பதோடு என் வாதத்தின் எல்லை முடிகிறது. இதன் தொடர்ச்சியாக இன்னொரு கசப்பும் உண்டு. தங்கள் பணத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும் அமைப்புக்கு வேலி இருக்கும். விருதுநகரில் நாடார் வணிகர்கள் விற்ற சரக்கின்மேல் மகமை வசூலித்தும் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சத்திரிய வித்தியாசாலையைக் கட்டினார்கள். கோவிலிலும் தெருவிலும் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் முதலால் எழுந்து நின்ற அந்தக் கதை தமிழ்நாட்டின் மூன்றாம் துறை வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். ஆனால் மகமை வைக்கும் அளவுக்கு வணிகமும் இல்லாத சமூகத்துக்கு அந்த வழி திறக்கவில்லை. அந்தப் பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சரானபோது ஊர்தோறும் பள்ளியையும் 1956இல் மதிய உணவையும் அரசின் பொறுப்பாக்கினார். அவருக்கு மகமையின் வலிமை தெரியும், அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது மறுப்பு வந்து சேர்கிறது: மூன்றாம் துறையைப் புகழ்வது அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்கு வழிவிடாதா? விடக்கூடும், பல இடங்களில் விட்டும் இருக்கிறது. ஆனால் வெற்றி பெற்ற அமைப்புகளின் வரலாறு அரசு விலகிய வரலாறாக இல்லை. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியதும் அரவிந்த் பிறந்த அதே 1976இல்தான். இலவசமாகச் செய்யும் கண்புரை அறுவைக்கு இவ்வளவு என்று அத்திட்டம் தொண்டு மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுக்கிறது. டாக்டர் வெங்கடசாமி கண் முகாம் நடத்தும் கலையைக் கற்றதே மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில்தான். கோழிக்கோட்டில் சமூகச் சீர்திருத்தவாதி வாக்பதானந்தரின் தூண்டுதலால் 1925இல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம், கேரளத்தின் சாலைகளையும் பாலங்களையும் கட்டிக் கொடுத்து நூற்றாண்டைக் கண்டிருக்கிறது. அதன் பெரிய வாடிக்கையாளர் அரசு. அரசு விலை கொடுத்து வேலை வாங்கலாம், மானியம் தரலாம், தரத்தைச் சோதிக்கலாம், கணக்குக் கேட்கலாம். இவற்றில் எதுவும் தொழிலாளியின் வாக்கைப் பறிப்பதில்லை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஓராண்டுத் திட்டம், அதன் முடிவில் ஓர் அறிக்கை என்று வரும் பணம் பங்கு கேட்பதில்லை என்றாலும், அதை மட்டுமே நம்பிய தொண்டு நிறுவனம் நாளடைவில் கம்பெனியின் ஒப்பந்தக்காரராகிவிடுகிறது. தன் சொந்த வருவாய் என்று ஏதாவது இருக்கும் அமைப்பால்தான் அங்கே மறுத்துப் பேச முடிகிறது.

உடைமை கேட்காத பணத்துக்குச் சட்ட வடிவம் கொடுக்க முடியாதா என்றால், முடியும், பலர் செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2005 முதல் பதிவாகும் சமூக நலக் கம்பெனிகளின் சொத்தை எவரும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. பங்கு விற்கும் கம்பெனியானாலும் பிரிக்கத்தக்க லாபத்தில் 35 சதவீதத்துக்கு மேல் பங்காதாயமாகப் போகக்கூடாது. ரைபைசனின் பிரிக்கமுடியாத நிதிதான் அங்கே வேறு உடையில் வந்திருக்கிறது. இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022இல் வகுத்த சமூகப் பங்குச் சந்தையில், வட்டியும் கிடையாது அசலும் திரும்பாது என்ற பத்திரத்தை இலாப நோக்கற்ற அமைப்புகள் வெளியிடலாம். பணம் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, ஆளும் உரிமை இல்லை. இது இன்னும் சிறிய அளவில்தான் நடக்கிறது என்றாலும் அதன் வடிவம் சரியானது.

இவை எல்லாவற்றையும்விடத் தமிழ்நாட்டுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது ஆந்திரப் பிரதேசம் 1995இல் இயற்றிய பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம். அரசின் பங்கு முதல் இல்லாத சங்கங்கள் தங்கள் துணைவிதிகளைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம், தேர்தலைத் தாங்களே நடத்தலாம், பதிவாளர் குழுவைக் கலைக்க முடியாது. பீகார், ஒடிசா, கர்நாடகம் போன்றவையும் பின்னர் இவ்வகைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. நம் சங்கங்கள் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசமைப்புத் திருத்தம் இதைச் சீர்செய்யும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருப்பதாலும், மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படாததாலும், மாநிலச் சங்கங்களைப் பொறுத்த அளவில் அந்தப் பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சியின் நோக்கில் சரியான தீர்ப்பு அது. பொறுப்பு இப்போது முழுக்கச் சட்டமன்றத்தின் மேல் இருக்கிறது. ஆந்திரச் சட்டத்தில் பழைய சங்கங்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அரசு போட்டிருந்த பங்குத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுப் புதிய சட்டத்தின் கீழ் மாறிக்கொள்ளலாம். எல்லாச் சங்கங்களாலும் அது முடியாது. முடிகிற சங்கங்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கின்றன. பால் சங்கங்களிலும் நெசவாளர் சங்கங்களிலும் நகரக் கடன் சங்கங்களிலும் அரசுப் பங்கைத் திருப்பித் தரும் அளவுக்குச் சேமிப்புள்ளவை எவை என்று பட்டியல் எடுத்து, அவற்றின் உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கு விடும் ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.